படபடப்பு எல்லாமே டென்ஷன் இல்ல: டாக்டர் பதில்கள்

இந்த தடவை வந்த லெட்டர்லயும் வாட்ஸ்அப் மெசேஜ்லயும் நிறைய பேர் கேட்டிருக்கறது நெஞ்சு படபடப்பு பத்திதான். அதனால இந்த இதழ் பக்கம் முழுசும் அதுக்கே குடுத்துட்டேன். பேர் எல்லாருதும் எடுத்தாச்சு, ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: டாக்டர், எனக்கு 34 வயசு, ரெண்டு பசங்க, பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. மூணு வருஷமா ஒரு பிரச்சனை. சும்மா உட்கார்ந்து பீஸ் பாத்துட்டு இருப்பேன், குனிஞ்சு பண்டல் எடுத்துட்டு நிமிர்ந்தா திடீர்னு ஸ்விட்ச் போட்ட மாதிரி நெஞ்சு அடிக்க ஆரம்பிச்சிடும், கழுத்து எல்லாம் துடிக்கும், பக்கத்துல வேலை பாக்கற அக்காவே என்னடி உன் கழுத்து இப்படி துடிக்குதுன்னு பயந்துட்டாங்க. பத்து இருபது நிமிஷம் இருக்கும், அப்புறம் டக்குன்னு நின்னுடும். நின்ன பிறகு ரெண்டு மூணு தடவை யூரின் நிறைய போகும். ஆஸ்பத்திரிக்கு போறதுக்குள்ள சரியாகிடும், இசிஜி எடுத்தா நார்மல்னு வரும். ஒன்னும் இல்லம்மா டென்ஷன்தான்னு சொல்லி மாத்திரை குடுத்தாங்க, அத போட்டா தூக்கம்தான் வருது. மாமியார் மந்திரிச்சு கயிறு கட்டி விட்டாங்க. வீட்டுக்காரர் நீ பயந்த சுபாவம் அதான்னு சொல்றார். எனக்கே இப்ப நான்தான் மனசுல எதையோ நினைச்சு வரவச்சுக்கறேனோன்னு சந்தேகம் வந்துடுச்சு. (வாசகி, திருப்பூர்)

பதில்: முதல்ல ஒன்னு சொல்லிடறேன் சகோதரி, நீங்க எதையும் வரவச்சுக்கல. நீங்க எழுதினத படிக்கும்போதே எனக்கு தோணினது பயம் இல்ல, உங்க இதயத்தோட கரண்ட் ஓடற வழியில ஒரு சின்ன கோளாறு இருக்கலாம்ங்கறதுதான். லெட்டர வச்சு நான் உறுதியா சொல்ல முடியாது, ஆனா நீங்க சொன்ன ஒவ்வொரு விஷயமும் அந்த பக்கம்தான் கைய காட்டுது.

எஸ்விடின்னு ஒரு வியாதி இருக்கு. இதயத்துல மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு கரண்ட் போற இடத்துல சிலருக்கு பிறவியிலேயே ரெண்டு வழி இருக்கும். சாதாரண நேரத்துல ஒரு தொந்தரவும் இருக்காது. எப்பவாவது ஒரு துடிப்பு நேரம் தவறி முன்னாடியே வந்துட்டா, கரண்ட் ஒரு வழியா கீழ போயி இன்னொரு வழியா மேல ஏறி அப்படியே சுத்த ஆரம்பிச்சிடும். சுத்தறதுக்கு ஏத்த மாதிரி இதயமும் நிமிஷத்துக்கு 150லேருந்து 220, சில நேரம் 250 வரைக்கும் கூட அடிக்கும். சுத்து அறுந்தா அதே நொடியில நின்னுடும். அதனாலதான் டக்குன்னு ஆரம்பிச்சு டக்குன்னு நிக்குது. குனிஞ்சு நிமிரும்போது வர்றது, கழுத்துல துடிக்கறது, முடிஞ்சதும் யூரின் நிறைய போறது எல்லாமே இதுல பாக்கறதுதான். மேல் அறையும் கீழ் அறையும் ஒரே நேரத்துல சுருங்கறதால ரத்தம் கழுத்து பக்கம் எதுத்து அடிக்கும், மேல் அறை இழுபடும்போது உப்பையும் தண்ணியையும் வெளிய தள்ளச் சொல்ற ஒரு ஹார்மோன் சுரக்கும், அந்த யூரின் அதனால. இதுல அதிகமா பாக்கற வகை ஆம்பளைங்கள விட பொம்பளைங்களுக்குத்தான் ஜாஸ்தி வரும், அதுலயும் உங்க வயசுல நிறைய.

பதட்டத்துல வர்ற படபடப்பு வேற மாதிரி இருக்கும். அது ஏறிக்கிட்டே போகும், அப்புறம் மெதுவா இறங்கும், இந்த நிமிஷம் நின்னுச்சுன்னு உங்களால சொல்ல முடியாது. சும்மா உட்கார்ந்திருக்கற ஆளுக்கு பதட்டத்தால வர்ற வேகம் பெரும்பாலும் 100லேருந்து 140க்குள்ளதான் நிக்கும். உட்கார்ந்த இடத்துல 180, 190ன்னு போனா அத டென்ஷன்னு சொல்லி அனுப்பக் கூடாது.

இன்னொன்னும் சொல்லணும், ஏன்னா இதுதான் உங்க மனசுல உறுத்திக்கிட்டு இருக்கு. நெஞ்சு 190ல அடிச்சா யாருக்கும் பயம் வரும். கை நடுங்கும், வேர்க்கும், மூச்சு வாங்கும், செத்துடுவோமோன்னு தோணும். அத பாத்துட்டு டாக்டரும் பயம்தான்னு எழுதிடறாங்க. 1997ல அமெரிக்காவுல இந்த எஸ்விடி உறுதியான நோயாளிங்கள வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல மூணுல ரெண்டு பேருக்கு அவங்க அறிகுறிய மட்டும் கேட்டா பேனிக் டிஸார்டர்னு, அதாவது திடீர் திடீர்னு பயம் தாக்கற மனநலப் பிரச்சனைன்னு, சொல்ற அளவுக்கு எல்லாம் பொருந்திச்சு, பாதி பேருக்கு மேல முதல்ல போன இடத்துல வியாதிய கண்டே பிடிக்கல. பயம் இருந்தது நிஜம், ஆனா அது பின்னாடி வந்த பயம். பொம்பளைங்க வந்து படபடப்புன்னு சொன்னா உடனே வீட்ல ஏதாவது பிரச்சனையாம்மான்னு கேக்கற பழக்கம் எங்க தொழில்ல இருக்கு, அது எனக்கு ரொம்ப வருத்தம். கேக்க வேண்டியதுதான், ஆனா இசிஜிக்கு பதிலா அத கேக்கக் கூடாது.

இப்ப நீங்க செய்ய வேண்டியது, அது வர்ற நேரத்துல இசிஜி எடுக்கறது. முடிஞ்ச பிறகு எடுத்தா நார்மலாத்தான் இருக்கும், அத வச்சு ஒன்னும் இல்லன்னு முடிவு கட்ட முடியாது. கம்பெனி பக்கத்துல இசிஜி எடுக்கற கிளினிக் எதுன்னு இப்பவே விசாரிச்சு வச்சுக்கங்க, வந்ததும் யாரையாவது கூட்டிக்கிட்டு நேரா அங்க போங்க, உட்கார வைக்காம உடனே எடுக்கச் சொல்லுங்க. அந்த பேப்பர பத்திரமா வச்சிருங்க, போட்டோவும் எடுத்து வச்சிருங்க, அந்த ஒரு பேப்பர் பத்து டெஸ்டுக்கு சமானம். வீட்ல வரும்போது பல்ஸ் எண்ணுங்க. உள்ளங்கைய மேல பாக்க வச்சுக்கிட்டு, கட்டை விரலுக்கு நேர கீழ மணிக்கட்டுல, இன்னொரு கையோட ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் லேசா அழுத்துங்க, ரொம்ப அழுத்தினா துடிப்பு மறைஞ்சிடும். 30 செகண்ட் எண்ணி ரெண்டால பெருக்குங்க. எண்ண முடியாத வேகத்துல இருந்தா அதுவே ஒரு தகவல்தான், அப்படியே எழுதி வைங்க. பக்கத்துல இருக்கற அக்காகிட்ட சொல்லி கழுத்து துடிக்கறத போன்ல வீடியோ எடுக்கச் சொல்லுங்க. அடிக்கடி வருதுன்னா ஹோல்டர்னு துடிப்ப பதிவு பண்ற ஒரு மெஷின் 24 மணி நேரமோ 48 மணி நேரமோ உடம்புல மாட்டி விடுவாங்க. மாசத்துக்கு ஒரு தடவைதான் வருதுன்னா ஹோல்டர்ல சிக்காது, அதுக்கு வேற ரெக்கார்டர் இருக்கு.

எஸ்விடின்னு உறுதியாச்சுன்னா பயப்படற வியாதி இல்ல. வந்தா நிறுத்தறதுக்கு ஒரு வழி டாக்டரே சொல்லிக் குடுப்பார். பாதி சாஞ்சு உட்கார்ந்துக்கிட்டு, 10 மில்லி சிரிஞ்சு ஒன்ன வாயில வச்சு உள்ள இருக்கற பிஸ்டன் நகர்ற அளவுக்கு 15 செகண்ட் ஊதணும், உடனே மல்லாக்க படுத்துக்கணும், யாராவது ரெண்டு காலையும் 45 டிகிரிக்கு தூக்கி 15 செகண்ட் பிடிக்கணும். 2015ல இங்கிலாந்துல இத சோதிச்சு பாத்தப்ப பழைய முறையில சும்மா முக்கறதுல 17 சதவீதம் பேருக்கு நின்னுச்சு, இதுல 43 சதவீதம் பேருக்கு நின்னுச்சு. மாத்திரை இல்ல, ஊசி இல்ல. ஆனா வியாதி இதுதான்னு உறுதியான பிறகு, ஒரு தடவை டாக்டர் முன்னாடி செஞ்சு பாத்துட்டு பண்ணுங்க. கழுத்து நரம்ப நீவி விடறேன்னு யாராவது வந்தா விடாதீங்க. நிக்கலன்னா ஆஸ்பத்திரியில அடினோசின்னு ஒரு ஊசி போடுவாங்க, சில நொடி நெஞ்சு அடைக்கற மாதிரி இருக்கும், அப்புறம் நின்னுடும்.

திரும்பத் திரும்ப வருதுன்னா அப்லேஷன் இருக்கு. தொடை இடுக்குல இருக்கற ரத்தக்குழாய் வழியா மெல்லிசான வயர் விட்டு, அந்த எக்ஸ்ட்ரா வழிய சூடு வச்சு அடைச்சிடுவாங்க, நெஞ்ச திறக்கறது எல்லாம் கிடையாது. இந்த வகை எஸ்விடிக்கு 100ல 95 பேருக்கு மேல அதோட முடிஞ்சிடும். 100ல ஒருத்தருக்கோ அதுக்கும் கம்மியாவோ பேஸ்மேக்கர் தேவைப்படற ஆபத்து இருக்கு, அதையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. காப்பீட்டு கார்டு இருந்தா எந்த ஆஸ்பத்திரியில இது அதுல வரும்னு அவங்க காப்பீட்டு கவுன்ட்டர்லயே கேட்டுக்கங்க. கயிறு இருந்துட்டு போகட்டும், மாமியார் மனசு கஷ்டப்பட வேண்டாம், ஆனா இசிஜி எடுத்தே ஆகணும்.

கேள்வி: வணக்கம் டாக்டர். வயசு 26, சென்னையில ஐடி வேலை. ஆறு மாசத்துக்கு முன்னாடி ராத்திரி படுத்திருக்கும்போது நெஞ்சு படபடன்னு அடிச்சு, கை விரல் மரத்து, வாய சுத்தி ஜிவ்வுன்னு ஆகி, கை ரெண்டும் மடங்கிக்கிச்சு. ஹார்ட் அட்டாக்னு நினைச்சு ரூம்மேட் எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போனான். இசிஜி, ட்ரோபோனின்னு ஹார்ட் அட்டாக்குக்கு பாக்கற ரத்த டெஸ்ட், எக்கோன்னு இதய ஸ்கேன், ட்ரெட்மில், தைராய்டு எல்லாம் நார்மல். அதுக்கப்புறமும் ரெண்டு மூணு தடவை எமர்ஜென்சி போயிட்டேன், அட்டாக் நடக்கும்போது எடுத்த இசிஜியிலயும் வேகமா அடிக்குது ஆனா நார்மல் ரிதம்தான்னு சொல்லிட்டாங்க. சின்ன வயசுல ஜிம்ல செத்துட்டாங்கன்னு நியூஸ் பாத்தா அன்னைக்கு தூக்கம் போச்சு. ஸ்மார்ட் வாட்ச் வாங்கி பாத்துக்கிட்டே இருக்கேன், 110ன்னு காட்டினா உடனே 130 ஆகிடுது. ஜிம், மாடிப்படி எல்லாம் விட்டுட்டேன். டெஸ்ட்ல எதையாவது விட்டிருப்பாங்களா? (வாசகர், சென்னை)

பதில்: விடல தம்பி. அட்டாக் நடக்கற நேரத்துல எடுத்த இசிஜி உங்ககிட்ட இருக்கு, திருப்பூர் சகோதரிக்கு கிடைக்காம இருக்கறதே அதுதான். இதயம் வேகமா அடிக்குது, ஆனா கரண்ட் சரியான வழியிலதான் போகுது. எக்கோவும் ட்ரெட்மில்லும் நார்மல். இதுக்கு மேல ஆஞ்சியோ, சிடி ஸ்கேன்னு தேடிக்கிட்டு போக வேண்டாம், ஒவ்வொரு டெஸ்டும் ரெண்டு நாள் நிம்மதி குடுக்கும், மூணாவது நாள் அடுத்த சந்தேகம் வரும்.

உங்களுக்கு வர்றது பேனிக் அட்டாக். ஒன்னும் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், ஏன்னா இருக்கு, உடம்புல நிஜமாவே நடக்குது. மூளை ஆபத்துன்னு நினைச்சதும் அட்ரினலின் இறங்குது, இதயம் வேகமா அடிக்குது, மூச்சு வேகமாகுது. தேவைக்கு மேல மூச்சு விடும்போது ரத்தத்துல இருக்கற கார்பன் டை ஆக்ஸைடு குறைஞ்சு போகுது, அதனால மூளைக்கு போற ரத்தக்குழாய் கொஞ்சம் சுருங்கி தலை சுத்துது, ரத்தத்துல கால்சியம் வேலை செய்யற அளவு குறையறதால விரல் மரத்து, வாய சுத்தி ஜிவ்வுன்னு ஆகி, கை மடங்கிக்குது. இது ஹார்ட் அட்டாக்கும் இல்ல, பக்கவாதமும் இல்ல, மூச்சு நிதானமானா தானா சரியாகிடும். பேனிக் அட்டாக் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்கு போயிட்டு இறங்க ஆரம்பிச்சிடும், அட்ரினலின் அதுக்கு மேல தாங்காது.

110 பாத்ததும் 130 ஆகுதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, உங்க வியாதியே அந்த ஒரு வரியிலதான் இருக்கு. 1988லேயே இத சோதிச்சு பாத்தாங்க. பேனிக் பிரச்சனை உள்ளவங்களுக்கு, உங்க இதயத் துடிப்பு இதோ ஏறுதுன்னு பொய்யான சத்தம் கேக்க வச்சாங்க. நிஜத்துல ஏறல. ஆனா கேட்டதும் அவங்களுக்கு பதட்டம் வந்துச்சு, நிஜத் துடிப்பும் ஏறிடுச்சு. அந்த பிரச்சனை இல்லாதவங்களுக்கு அப்படி ஆகல. பயந்தா இதயம் ஓடும்னு எல்லாருக்கும் தெரியும், இதயம் ஓடினா பயம் வருமாங்கற கேள்விக்கு 2023ல ஸ்டான்ஃபோர்டுல எலிங்கள வச்சு ஒரு பதில் கிடைச்சுது. வெளிச்சத்த பாய்ச்சி எலியோட இதயத்த நிமிஷத்துக்கு 900 தடவை அடிக்க வச்சாங்க, எலிக்கு சாதாரணமாவே 600க்கு மேல இருக்கும். பாதுகாப்பான இடத்துல அந்த எலிங்க சும்மாதான் இருந்துச்சு. ஆபத்து இருக்கலாம்னு தோணற இடத்துல மட்டும் ரொம்ப பயந்துச்சு. மூளையில இன்சுலான்னு ஒரு பகுதி, உடம்புக்குள்ள நடக்கறத கவனிக்கற இடம், அத அடக்கி வச்சதும் இதயம் அதே வேகத்துல அடிச்சாலும் பயம் குறைஞ்சிடுச்சு. உங்க கேஸ்ல ஆபத்தான இடம் எதுன்னா, அந்த ஜிம் நியூஸ்தான். அத மனசுல வச்சுக்கிட்டு வாட்ச பாக்கறீங்க, 110 உங்களுக்கு மரணம் மாதிரி தெரியுது. மாடி ஏறினா யாருக்கும் 110 தாண்டும், அவங்க பாக்கறதில்ல.

இது புது வியாதியும் இல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயத்துல நூத்துக்கணக்கான சிப்பாய்ங்க நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்கல், நெஞ்சு வலின்னு வந்தாங்க, நிறைய பேருக்கு இதயத்துல ஒன்னும் கண்டுபிடிக்க முடியல. ஜேக்கப் மெண்டஸ் டா கோஸ்டான்னு ஒரு டாக்டர் 1871ல அத விவரமா எழுதி வச்சார், அவங்க நடிக்கறாங்கன்னு சொல்லல, வியாதின்னு எடுத்துக்கிட்டு வைத்தியம் பண்ணினார். 150 வருஷம் கழிச்சும் சில இடத்துல பேனிக்னு சொன்னா சிரிக்கறாங்களேன்னு எனக்கு கோவம் வருது.

சரி என்ன பண்ணலாம். வாட்ச கழட்டி ட்ராயர்ல போடுங்க, முதல் வாரம் கஷ்டமா இருக்கும், இருந்தாலும் போடுங்க. அட்டாக் வந்தா ஓடாதீங்க, உட்கார்ந்த இடத்துல மூக்கு வழியா 4 செகண்ட் இழுத்து 6 செகண்ட் விடுங்க, வெளிய விடறது நீளமா இருக்கணும், நிமிஷத்துக்கு ஆறு மூச்சு போதும். பேப்பர் பையில மூச்சு விடச் சொல்லுவாங்க, அது வேண்டாம், நிஜமாவே ஆஸ்துமாவோ இதயப் பிரச்சனையோ இருக்கற ஆளுக்கு ஆபத்து. அப்புறம் மாடிப்படி. இதுதான் ரொம்ப முக்கியம், ஆனா யாருக்கும் பிடிக்காது. நீங்க மாடி ஏறறத விட்டதால இதயம் வேகமா அடிச்சாலே ஆபத்துன்னு மூளை இன்னும் உறுதியா நம்புது. சிபிடின்னு பேச்சு வழி சிகிச்சை இருக்கு, அதுல வேணும்னே உங்கள ஒரே இடத்துல ஓட வைப்பாங்க, நெஞ்சு அடிக்கும், ஒன்னும் ஆகாது, மறுபடியும் ஓட வைப்பாங்க. பத்து தடவை ஒன்னும் ஆகலன்னு உடம்பே பாத்த பிறகுதான் மூளை நம்பும், நான் பக்கம் பக்கமா எழுதினாலும் நம்பாது. சைக்கியாட்ரிஸ்ட பாருங்க, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில எல்லாம் மனநல ஓபி இருக்கு. எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ரலின் மாதிரி மாத்திரை குடுத்தா முதல் வாரம் பதட்டம் கொஞ்சம் கூடற மாதிரி இருக்கும், வேலை செய்ய ரெண்டுலேருந்து நாலு வாரம் ஆகும், பாதியில தூக்கிப் போட்டுடாதீங்க. ராத்திரி மூணு மணிக்கு யார்கிட்டயாவது பேசணும்னா 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. அல்ப்ரசோலம்ங்கற பதட்ட மாத்திரைய மட்டும் நண்பன்கிட்ட வாங்கிப் போடாதீங்க, அரை மணி நேரத்துல அடங்கும், ஆனா சில வாரத்துலேயே அது இல்லாம இருக்க முடியாத நிலைக்கு கொண்டு போயிடும்.

ஒரு எச்சரிக்கை உங்களுக்கு மட்டும் இல்ல, படிக்கற எல்லாருக்கும். படபடப்போட மயங்கி விழுந்தா, ஓடும்போதோ விளையாடும்போதோ வந்தா, நடந்தா நெஞ்சு வலிச்சு நின்னா குறைஞ்சா, குடும்பத்துல யாராவது 40 வயசுக்குள்ள திடீர்னு இறந்திருந்தா, அத பதட்டம்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, கார்டியாலஜிஸ்ட பாத்தாகணும். மயக்கமோ நெஞ்சு வலியோ அந்த நேரமே இருந்தா 108 தான்.

கேள்வி: ஐயா, வயது 61, ஓய்வு பெற்ற ஆசிரியர். போன வருடம் மனைவி தவறியதிலிருந்து மனசு சரியில்லை. அடிக்கடி நெஞ்சில் ஏதோ தாறுமாறாகத் துடிப்பது போல இருக்கிறது, கொஞ்சம் அசதி, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பிரஷர், சுகர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். கவலையினால்தான் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். (வாசகர், மதுரை)

பதில்: சார், மனைவி இல்லாத வீட்ல மனசு எப்படி சரியா இருக்கும். அத நான் குறைச்சு சொல்லல. ஆனா தாறுமாறான்னு எழுதியிருக்கீங்க, எனக்கு அதுதான் கண்ணுல படுது. இந்த லெட்டர படிச்சு முடிச்சதும் மணிக்கட்டுல ஒரு நிமிஷம் பல்ஸ் பாருங்க. வேகமா இருக்கா மெதுவாவான்னு பாக்க வேண்டாம், சீரா இருக்கான்னு பாருங்க. ரெண்டு அடிச்சு, ஒரு இடைவெளி, அப்புறம் மூணு வேகமா, அப்புறம் ஒன்னு பலமா, ஒன்னு கையில படவே படாமன்னு எந்த ஒழுங்கும் இல்லாம இருந்தா நாளைக்கு காலைல இசிஜி எடுத்துடுங்க, தள்ளிப் போடாதீங்க. கவலை இதயத்த வேகமாக்கும், இப்படி தாளம் இல்லாம ஆக்காது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு ஒரு வியாதி, இதயத்தோட மேல் அறை சுருங்காம நடுங்கிக்கிட்டே இருக்கும். வயசாக ஆக, பிரஷர், சுகர் இருக்கறவங்களுக்கு ஜாஸ்தி வரும், நம்ம ஊர்ல சின்ன வயசு மூட்டுக் காய்ச்சல்ல வால்வு கெட்டுப் போனவங்களுக்கும் வரும். நடுங்கற அறையில ரத்தம் தேங்கி கட்டியாகி மூளைக்கு போயிட்டா பக்கவாதம், அந்த ஆபத்து மத்தவங்கள விட அஞ்சு மடங்கு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுத்தா அந்த ஆபத்துல பெரும்பகுதிய தடுத்துடலாம், அதனாலதான் அவசரப்படுத்தறேன். வாய் கோணினாலோ, ஒரு கை இறங்கினாலோ, பேச்சு குழறினாலோ பிள்ளைங்க வர்ற வரைக்கும் காத்திருக்காம 108 கூப்பிடுங்க. அந்த துடிப்பு இருக்கற நேரத்துல எடுத்த இசிஜி சீரா இருந்தா ரொம்ப சந்தோஷம், அப்ப எப்பவாவது ஒரு துடிப்பு தவறி வர்றதா இருக்கலாம், அது நிறைய பேருக்கு இருக்கறதுதான். எப்படி இருந்தாலும் மூச்சு வாங்கறதுக்கு எக்கோ ஒன்னு எடுத்துடுங்க. உங்க துக்கத்துக்கும் ஒரு டாக்டர்கிட்ட பேசலாம் சார், அதுல வெக்கப்பட ஒன்னும் இல்ல.

கேள்வி: என் பொண்ணு பிளஸ் டூ. எக்ஸாம் ஹால்ல போனதும் நெஞ்சு படபடன்னு அடிச்சு கை நடுங்கி எழுத முடியலங்கறா. பக்கத்து வீட்டு பையனுக்கு இன்டர்வியூ பயத்துக்கு ஒரு மாத்திரை குடுத்தாங்களாம், போட்டா நடுக்கமே இல்லையாம். அத வாங்கி குடுக்கலாமா? சின்னதுல அவளுக்கு வீசிங் இருந்துச்சு. (வாசகி, நாமக்கல்)

பதில்: குடுக்கவே குடுக்காதீங்கம்மா. நீங்க சொல்றது அனேகமா ப்ரோப்ரனலால். ஜேம்ஸ் பிளாக்னு ஒரு விஞ்ஞானி 1960கள்ல கண்டுபிடிச்சது, அவருக்கு 1988ல நோபல் பரிசு கூட கிடைச்சுது, நல்ல மருந்து. அட்ரினலின் இதயத்த போய் தொடாம தடுக்கும், நடுக்கமும் நிக்கும். ஆனா அதே மருந்து நுரையீரல் குழாய சுருக்கிடும், வீசிங் இருந்த குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து. கடைசி வரியில சும்மா போற போக்குல வீசிங் இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, நல்ல வேளை எழுதினீங்க.

இன்னொன்னு, அவ இன்ஹேலரோ வீசிங் சிரப்போ இப்பவும் எடுக்கறாளா? சால்புட்டமால்ங்கற வீசிங் மருந்து எடுத்தாலே நெஞ்சு படபடக்கும் கை நடுங்கும். ராத்திரி முழிச்சு படிக்க என்ன குடிக்கறான்னும் பாருங்க. எனர்ஜி டிரிங் 250 மில்லி கேன் ஒன்னுல சுமார் 75 மில்லிகிராம் காஃபின் இருக்கு. காஃபின் பாதியா குறையறதுக்கே அஞ்சு மணி நேரம் ஆகும், பத்து மணிக்கு குடிச்சது ராத்திரி மூணு மணிக்கும் பாதி உள்ள இருக்கும், தூக்கம் கெட்டு காலைல வெறும் வயித்துல போயி உட்கார்ந்தா யாருக்கும் நடுங்கும். மாடல் எக்ஸாம வீட்லயே நேரம் வச்சு எழுத வைங்க, ஹால்ல உக்கார்ற உணர்வு பழகட்டும். கொஸ்டின் பேப்பர் வாங்கின முதல் ரெண்டு நிமிஷம் எழுத வேண்டாம், மேல சொன்ன 4, 6 மூச்சு விட்டுட்டு தெரிஞ்ச கேள்வியிலேருந்து ஆரம்பிக்கட்டும். அப்பவும் முடியலன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. வீட்ல மார்க் பத்தி பேச்ச கொஞ்ச நாள் நிறுத்தி வைங்க, அது மாத்திரைய விட வேலை செய்யும், நான் நம்பி சொல்றேன்.

கேள்வி: படபடப்புக்கு பதட்டம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்? எல்லா டெஸ்டும் எடுக்க வசதி இல்ல. (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: எல்லாம் வேண்டாம்மா. ஒரு இசிஜி, ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், சுகர். முடிஞ்சா பொட்டாசியம். இவ்வளவும் பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரியிலேயே பாத்துடலாம். ஹீமோகுளோபின ஏன் முதல்ல சொல்றேன்னா, 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேயில தமிழ்நாட்டுல 15லேருந்து 49 வயசு பொம்பளைங்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தம் கம்மியா இருந்தா அதே ஆக்சிஜன கொண்டு போக இதயம் வேகமா அடிச்சுத்தான் ஆகணும், அவங்களுக்கு தேவை இரும்புச்சத்து மாத்திரை, தூக்க மாத்திரை இல்ல. மாசா மாசம் அதிகமா படுதுன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, நிறைய பேர் கூச்சப்பட்டு சொல்றதே இல்ல. தைராய்டு ஜாஸ்தியா இருந்தா படபடப்பு, வேர்வை, எடை குறையறது, எரிச்சல்னு பதட்டம் மாதிரியே வரும். தைராய்டு மாத்திரை ஏற்கனவே சாப்பிடறவங்களுக்கு டோஸ் கூடிப்போனாலும் அதேதான். சளிக்கு கடையில வாங்கற மூக்கடைப்பு மாத்திரை, பீடி சிகரெட், தண்ணி குடிக்காம வெயில்ல வேலை பாக்கறது, காய்ச்சல், கர்ப்பம் இதெல்லாமும் துடிப்ப ஏத்தும். மாதவிடாய் நிக்கற வயசுல உடம்பு குப்புன்னு சூடாகி படபடக்கறதும் சகஜம். இதெல்லாம் ரெண்டு நிமிஷம் கேட்டா தெரிஞ்சிடும், டாக்டர் கேக்கலன்னா நீங்களே சொல்லுங்க.

கேள்வி: பேனிக் டிஸார்டருக்கு நாலு மாசமா எஸ்சிட்டலோப்ராம் எடுக்கறேன். ரெண்டு மாசமா ஒரு அட்டாக் கூட இல்ல. மாத்திரைய நிறுத்திடலாமா? கல்யாணம் பேசிட்டு இருக்காங்க, அம்மா நிறுத்தச் சொல்றாங்க. (வாசகி, கோவை)

பதில்: இப்ப வேண்டாம்மா. நல்லா ஆன பிறகும் குறைஞ்சது ஆறு மாசத்துலேருந்து ஒரு வருஷம் தொடரணும், சீக்கிரம் நிறுத்தினவங்களுக்குத்தான் அதிகமா திரும்ப வருது. நிறுத்தும்போதும் ஒரே நாள்ல நிறுத்தக் கூடாது, தலை சுத்தல், உடம்புல ஷாக் அடிக்கற மாதிரி, தூக்கமின்மை எல்லாம் வரும், அத பாத்துட்டு வியாதி திரும்பிடுச்சுன்னு பயந்துடுவீங்க. டாக்டர் சொல்ற மாதிரி சில வாரம் எடுத்து படிப்படியா குறைங்க. கல்யாணத்துக்கு இந்த மாத்திரை தடை இல்ல. குழந்தைக்கு திட்டம் போடும்போது மட்டும் டாக்டர்கிட்ட முன்கூட்டியே பேசிடுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. அம்மாவ அடுத்த செக்கப்புக்கு கூடவே கூட்டிட்டு போங்க, அவங்க கேக்க நினைக்கறத டாக்டர்கிட்டயே நேரா கேட்டுக்கட்டும்.